ஓர் எழுத்தாளரைப் பற்றி நீங்கள் நம்பியிருந்ததை ஒரு வாழ்க்கை வரலாற்று நூல் மாற்றியிருக்கிறதா?

மாற்றியிருக்கிறது. கான்ஸ்டன்ஸ் ஃபெனிமோர் வுல்சனைப் பற்றி ஆன் பாய்ட் ரியூ எழுதி 2016-இல் வெளிவந்த நூல்தான் அது.

வுல்சன் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர். அவர் பெயரை நான் முதலில் பார்த்தது அதே காலத்து நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸைப் பற்றிப் படித்தபோது, பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ஜேம்ஸின் வாழ்க்கையை ஐந்து பாகங்களில் எழுதிய லியோன் எடல், ஜேம்ஸ்மேல் ஆசை வைத்து ஏங்கிய, கல்யாணமாகாத ஒரு பெண்ணாக அவரைக் காட்டினார். 1894 ஜனவரியில் வெனிஸில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து விழுந்து வுல்சன் இறந்தார். அந்தச் சாவையும் ஜேம்ஸோடு முடிச்சுப் போட்டார்கள். அவருடைய உடைகளை ஜேம்ஸ் படகில் கொண்டுபோய்த் தண்ணீரில் அமிழ்த்தப் பார்த்தார், அவை திரும்பத் திரும்ப மேலே மிதந்து வந்தன என்றுகூட ஒரு கதை உண்டு. நானும் அதைத்தான் ஞாபகம் வைத்திருந்தேன். அவர் எழுதிய ஒரு வரியைக்கூட அப்போது படித்திருக்கவில்லை.

ரியூ அந்தப் பெண்ணை மேசைமுன் உட்கார்ந்து வேலை செய்பவராகக் காட்டுகிறார். வுல்சன் பிறந்தது 1840-இல், நியூ ஹாம்ப்ஷயரில். பிறந்த கொஞ்ச நாளிலேயே மூன்று அக்காக்கள் ஸ்கார்லெட் காய்ச்சலில் போய்விட, குடும்பம் ஓஹாயோவின் கிளீவ்லாண்டுக்குக் குடிபெயர்ந்தது. 1869-இல் அப்பா இறந்தபிறகு, அடுத்த வருடமே எழுத்து அச்சேறத் தொடங்கியது, அதுவே பிழைப்பும் ஆயிற்று. வட அமெரிக்கப் பேரேரிகளின் கரைகளைப் பற்றி ஒரு சிறுகதைத் தொகுப்பு, உள்நாட்டுப் போருக்குப் பிறகான அமெரிக்கத் தெற்கு மாநிலங்களைப் பற்றி இன்னொரு தொகுப்பு. 1882-இல் நூலாக வந்த ‘ஆன்’ நாவல் 50,000 பிரதிகளுக்குமேல் விற்றது, ஜேம்ஸின் நாவல்கள் அந்த எண்ணிக்கையை நெருங்கவே இல்லை. இவ்வளவு வாசகர்கள் இருந்த ஒருவரை ஏங்கிக்கிடந்தவர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோமே என்று எனக்கு உண்மையிலேயே வலித்தது.

வாழ்க்கை வரலாறு எழுதுபவருக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை எரித்துவிடுவது என்று வுல்சனும் ஜேம்ஸும் பேசி வைத்திருந்தார்கள், அவர் ஜேம்ஸுக்கு எழுதியதில் மிஞ்சியது நான்கே நான்கு. அந்த வெற்றிடத்தில்தான் காதல் கதை முளைத்தது. ரியூ அதை இன்னொரு ஊகத்தால் நிரப்பவில்லை. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வுல்சன் எழுதிய கடிதங்களை எடுத்துக்கொள்கிறார், கதைகளையும் கூடவே படிக்கிறார். அப்படிப் பார்க்கும்போது தெரிவது, ஒருவர் எழுத்தை இன்னொருவர் கூர்ந்து படித்த இரண்டு தொழில்காரர்களின் நட்பு. சாவைப் பற்றிப் பேசும்போதும் அவர் நிதானம் தவறவில்லை. வருடக்கணக்கான மனச்சோர்வு, மங்கிக்கொண்டே போன காது, கடைசியில் வந்த இன்ஃப்ளுயன்ஸா, இவற்றையெல்லாம் வைத்துத்தான் பேசுகிறார். ஒரு ஆணைத் தேடிப் பிடித்துக் காரணமாக நிறுத்துவதில்லை.

சரி, ஜேம்ஸ் என்ன செய்தார்? 1887-இல் வுல்சனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுத்தைப் பொருட்படுத்தி எழுதியதுதான், ஆனால் பெண்களின் சின்ன உலகத்துக்குள் அவரை நிறுத்திவிடுகிற தொனியும் அதில் இருக்கிறது. பிற்காலத்தவர்கள் அந்தத் தொனியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

படிக்க விரும்பினால் வாழ்க்கை வரலாற்றில் ஆரம்பிக்க வேண்டாம். 1880-இல் வெளியான ‘மிஸ் கிரீஃப்’ என்ற சிறுகதையை முதலில் படியுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். புகழ்பெற்ற ஒரு ஆண் எழுத்தாளரிடம் ஒரு ஏழைப் பெண் தன் நாடகத்தைக் கொண்டு வருகிறாள். அவள் பெயரைக்கூட அவர் தப்பாகக் கேட்டுக்கொண்டு, கிரீஃப், அதாவது துயரம், என்றே நினைக்கிறார். நாடகத்தில் தன்னிடம் இல்லாத ஒரு வலு இருப்பது அவருக்குத் தெரிகிறது, அதிலுள்ள குறையைத் திருத்த உட்காருகிறார், முடியவில்லை. அவள் சாகும்போது நாடகம் ஏற்கப்பட்டது என்று பொய் சொல்கிறார். அப்புறம் அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்கிறார், தான் இறந்ததும் யாரும் படிக்காமலே அதை அழித்துவிட வேண்டும் என்று முடிவும் செய்கிறார்.

இதைப் படித்த கையோடு ரியூவின் நூலை எடுங்கள். வுல்சனின் கதைகளையும் ரியூவே தொகுக்க, அமெரிக்காவின் முக்கிய எழுத்தாளர்களின் நூல்களை வரிசையாக வெளியிடும் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா 2020-இல் அவற்றை வெளியிட்டிருக்கிறது. ஜேம்ஸின் நூல்கள் இருக்கும் அதே வரிசையில்.