பழைய ஜன்னல் கம்பியில் பெயின்ட் அடித்தும் துரு வருவது ஏன்?

காரைக்குடி வீட்டில் பெயின்ட் அடித்த ஆறே மாதத்தில் துரு கிளம்புகிறது என்றால், பெரும்பாலும் துருவின் மேலேயே அடித்திருப்பார்கள். துரு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உள்ளே அரிப்பு நிற்காது.

கம்பி பிரஷ்ஷால் உதிர்வதை எடுத்துவிட்டு 80, பிறகு 120 எண் உப்புத்தாள் போடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதனால் தூள் பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, உடனே துடைத்துக் காயவிடுங்கள். முகமூடி கட்டாயம். கழற்ற முடிகிற கொக்கி, தாழ்ப்பாளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, சோடா உப்புக் கரைசலில் அலசுங்கள். அலசாவிட்டால் மறுநாளே செம்மை பூக்கும். (புளியும் கேட்கும், ஆனால் மெதுவாக. அதைப் பித்தளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

தேய்த்துக் காய்ந்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட், காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட்.

கம்பி மரச்சட்டத்தில் நுழையும் அடிப்பக்கம்தான் முதலில் போகும், சாரல் நீர் அங்கே தங்குவதால். அந்த இடுக்கை மக்கு (புட்டி) வைத்து அடைத்துவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்பே.