பார்சிலோனாவைப் படமெடுக்க: சில கேள்விகள், பதில்கள்

கட்டடக் கலைஞர் கௌடியின் சக்ரதா ஃபமிலியா தேவாலயத்துக்கு ஒரு வேளைதான் போக முடியும். காலையா, மாலையா?

உள்ளே எடுப்பதுதான் ஆசை என்றால் மாலை. கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும், மேற்கில் ஆரஞ்சும் சிவப்பும். வெயில் சாயச் சாய அந்தச் சிவப்பு தூண்கள் மேல் ஏறும். வெளியே, கிறிஸ்து பிறப்பு முகப்புக்குக் காலை வெயில்தான் வேண்டும். அதை எடுக்கச் சீட்டே தேவையில்லை. எதிரே கௌடி சதுக்கத்துக் குளத்தின் மறுகரையில் நின்றால் கோபுரங்கள் தண்ணீரிலும் விழும்.

என் படங்களில் கட்டடங்கள் பின்னால் சாய்கின்றன. 16 மிமீ அகலக்கோண லென்ஸ் வாங்கட்டுமா அண்ணா?

வேண்டாம் தம்பி. கேமராவை மேல்நோக்கித் தூக்குவதால்தான் சாய்கிறது. 16 மிமீ வைத்துக்கொண்டு கிட்டே போய் அண்ணாந்து எடுத்தால் இன்னும் மோசமாகும். கேமராவை நேராகப் பிடித்துத் தள்ளி நில்லுங்கள். தள்ளி நிற்க இடத்தை அந்த ஊரே கொடுக்கிறது. 1859இல் பொறியாளர் செர்தா போட்ட நகரத் திட்டத்தில் ஒவ்வொரு பிளாக்கின் நான்கு முனைகளையும் வெட்டிவிட்டார். அதனால் நாற்சந்தி ஒவ்வொன்றும் சின்ன மைதானம் மாதிரி விரிகிறது. கௌடியின் காசா மிலா கட்டடம் அப்படி ஒரு முனையில்தான் இருக்கிறது. எதிர் முனைக்குப் போனால் 24 மிமீயே தாராளம். மிச்சச் சாய்வை மென்பொருளில் நிமிர்த்தலாம், ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

இது பலாவ் தெ லா மூசிகாவுக்குச் சரிப்படாது. 1908இல் முடிந்த அந்த இசை அரங்கம் நெருக்கமான சந்துகளுக்குள் இருக்கிறது. முழுசாக எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, மொசைக் தூண்களையும் மூலைச் சிற்பத்தையும் தனித்தனியாக எடுங்கள்.

கௌடியின் காசா பட்யோ வீட்டுக்கு முன்னால் எந்நேரமும் கூட்டமாமே?

விடிந்ததும் போங்கள். முகப்பில் காலை வெயில்தான் விழும். பக்கத்து வீடான காசா அமட்யேரையும் சேர்த்து எடுங்கள்.

பழைய கோத்திக் பகுதித் தெருக்களில் பாதி வெயில், பாதி இருட்டு. என்ன செய்வது?

மேகம் மூடிய நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். இல்லையென்றால் விளக்கு ஏற்றிய பிறகு, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் நேரம். அப்புறம், எல்லாரும் எடுக்கும் பிஸ்பே தெருப் பாலம் இடைக்காலத்தது இல்லை, 1928இல் கட்டியது. அழகில் குறையில்லை, படக்குறிப்பில் மட்டும் சரியாக எழுதுங்கள்.

கட்டடங்களை எடுக்கச் சட்டத் தடை உண்டா?

இல்லை. தெருவிலும் சதுக்கத்திலும் நிரந்தரமாக இருப்பதைப் படமெடுக்க ஸ்பெயின் சட்டம் இடம் தருகிறது. மனிதர்கள் விஷயம் வேறு. கோத்திக் பகுதியின் பழைய வீடுகளில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. பால்கனியில் துணி உலர்த்தும் அம்மாவை ஜூம் போட்டு எடுக்காதீர்கள்.

கௌடி அல்லாமல் ஒரே ஓர் இடம் சொல்லுங்கள்.

பழைய சாந்த் பாவ் மருத்துவமனை. பலாவ் தெ லா மூசிகாவை வடிவமைத்த தொமேனெக் இ முந்தானேர் 1902இல் தொடங்கியது. நோயாளிகளுக்கு வெளிச்சமும் காற்றும் தோட்டமும் வேண்டும் என்று செங்கல்லும் வண்ண ஓடுமாகத் தனித்தனி மண்டபங்கள் கட்டினார். மண்டபங்களை இணைக்கும் சுரங்கப் பாதைகளும் உண்டு. சக்ரதா ஃபமிலியாவிலிருந்து கௌடி அவென்யூ வழியே நடந்தே போகலாம். பலர் அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள், நீங்கள் அரை நாள் வையுங்கள்.