பெரியவர்களின் மருந்துப் பை: முதியோர் வார்டு மருந்தாளுநரிடம் கேளுங்கள்

குடியாத்தம் வாசகர்: அம்மாவுக்கு 80 வயது, எடை 45 கிலோ. சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.0, நார்மல்தான். ஆனாலும் வேலூரில் அட்மிட் ஆனபோது வார்டு மருந்தாளுநர் சொல்லி டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். ஏன் மேடம்?

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வெளியேற்றும். உடம்பு மெலிந்தால் அது குறைவாகவே உண்டாகும், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் ரிப்போர்ட் நல்லபடி தெரியும். அதனால் சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்று மதிப்பிடும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்குப் போடுவோம். 140-இல் வயதைக் கழித்து எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு அதில் 0.85 பங்கு. உங்கள் அம்மாவுக்கு நிமிடத்துக்கு 32 மில்லிதான் வருகிறது, வாலிபத்தில் 100-ஐ ஒட்டி இருக்கும். சிறுநீரில் வெளியேற வேண்டிய மருந்து அவர் உடம்பிலேயே தங்கும்.

கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை வீட்டில் இருக்கிறதா? லோசார்டான் போன்ற பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து, நம்மூர் அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம். அட்மிஷனுக்கு வரும்போது நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் பையோடு கொண்டு வாருங்கள்.

ஆரணி வாசகர்: அப்பாவுக்கு அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததும் கால் வீங்கியது. நீர் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ராத்திரியெல்லாம் எழுந்திருக்கிறார்.

பதில்: வீக்கம் அம்லோடிபினாலேயே வந்திருக்கலாம். அப்படியென்றால் நீர் மாத்திரை பெரிதாக உதவாது, இருட்டில் விழுந்து இடுப்பு முறியும் ஆபத்துதான் கூடும். இதயம், சிறுநீரகம் காரணமா என்று பார்த்துவிட்டு மருந்தை மாற்றலாமா என டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: எம்.டி. படித்தவர் எழுதியதை மருந்தாளுநர் திருத்துவதா?

பதில்: திருத்துவதில்லை, டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்வோம். முடிவு அவருடையது. இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் எழுதுகிறார்கள். எல்லாச் சீட்டையும் சேர்த்து வைத்துப் படிக்க ஓர் ஆள் வேண்டாமா? இந்தியாவில் 2008-இல் மருந்தாளுநர்களுக்கான பார்ம்.டி. படிப்பு வந்ததே வார்டில் இந்த வேலையைச் செய்யத்தான்.

காட்பாடி வாசகி: மேடம் சொல்வது உண்மை. மாமியாருக்குக் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையால் சர்க்கரை இறங்கி நினைவு தப்பியது. அந்த மாத்திரையைக் கவனித்துச் சொன்னது மருந்தாளுநர்தான்.

ராணிப்பேட்டை வாசகர்: முதியோருக்கு ஆகாத மருந்துகள் என்று பட்டியல் வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்தினால்?

பதில்: நியாயமான பயம். 1991-இல் வந்த பியர்ஸ் பட்டியலாகட்டும், பிறகு வந்த ஸ்டாப் பட்டியலாகட்டும், ‘யோசி’ என்றுதான் சொல்கின்றன. பல மாதம் அல்பிரசோலம் என்ற பதற்ற, தூக்க மாத்திரை சாப்பிட்டவருக்குச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தேவையான மருந்து விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்வதும் எங்கள் வேலை. காட்பாடி அம்மா, டிஸ்சார்ஜ் சீட்டில் நிறுத்திய மாத்திரை பழைய டப்பாவில் இன்னும் இருக்கிறதா பாருங்கள். மறுபடி அட்மிட் ஆகிறவர்கள் பலர் அதைச் சாப்பிட்டவர்கள்தான்.

வாலாஜா வாசகர்: தாத்தாவின் தூக்க மாத்திரையை இன்றே நிறுத்தலாமா?

பதில்: கூடாது. மேலே அல்பிரசோலம் பற்றிச் சொன்னதைப் படியுங்கள்.

ஆம்பூர் வாசகி: குழந்தைக்குச் சளி மருந்து?

பதில்: குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆற்காடு வாசகர்: பையில் என்னென்ன கொண்டு வருவது?

பதில்: எல்லாமே. கண் சொட்டு, இன்சுலின், தைலம், லேகியம் வரை. அட்டையை நறுக்காதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும்.