வாசகர் கேள்வி: லென்ஸ் வாங்கவா, மலையேறவா?

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி கேமராவும் அதோடு வந்த 55-250 லென்ஸும் இருக்கின்றன. சேர்த்து வைத்த பணம் 60,000 ரூபாய். தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய பழைய சிக்மா 150-600 லென்ஸை அந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கினால் இந்த வருடம் எங்கும் போக முடியாது. வாங்காவிட்டால் நீலகிரிக்கு மூன்று நான்கு முறை போய்வரலாம். நான் எடுக்க ஆசைப்படுவது சோலைக்காட்டுக்குள் இருக்கும் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான். எது சரி?
– ஈரோடு வாசகர்

பதில்: போய்வாருங்கள். நீங்கள் கேட்கும் பறவைக்கு 600 மி.மீ. தேவையில்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அந்த ஈப்பிடிப்பான் அலகிலிருந்து வால்வரை சுமார் 13 செ.மீ. உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 22.3 மி.மீ.; அதில் 6,000 புள்ளிகள் (பிக்சல்). பறவை 15 மீட்டரில் இருக்கும்போது 600 மி.மீ. லென்ஸில் எடுத்தால் படத்தில் அது ஏறக்குறைய 1,400 புள்ளி நீளம் வரும். அதே பறவை 6 மீட்டரில் இருக்கும்போது உங்கள் 250 மி.மீ. லென்ஸில் எடுத்தாலும் அதே 1,400 புள்ளிதான். அந்த 9 மீட்டர்தான் நீங்கள் 60,000 ரூபாய் கொடுத்து வாங்கப் போவது. இந்தப் பறவையிடம் அந்த 9 மீட்டரைப் பொறுமையாலேயே வாங்கிவிடலாம். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரத்தில் உட்காரும்; ஒரு சிறு எல்லைக்குள்ளேயே சுற்றும்; அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கண்டு பெரிதாகப் பயப்படாது.

சோலைக்குள் தூரத்தைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம். மேலே இலைக்கூரை மூடியிருக்கும் இடத்தில் மேகமான காலையில் எஃப் 5.6 (லென்ஸ் துளை), 1/125 (நொடி), ஐஎஸ்ஓ 3200 (சென்சாரின் உணர்திறன்) என்ற அளவில்தான் படம் வெளிச்சமாக வரும். உங்கள் லென்ஸில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருப்பதால் 250 மி.மீ.யில் 1/125 தாராளம். 600 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க, அதே வசதி இருந்தாலும், பழகாதவருக்கு 1/500 வேண்டியிருக்கும். அப்போது ஐஎஸ்ஓ 12800. 1500டியின் வழக்கமான உச்சவரம்பு 6400தான். அதற்கு மேல் போவதற்குத் தனியாக மெனுவில் திறக்க வேண்டும். திறந்தாலும் இறகின் நுண்மை கரைந்து மாவாகத்தான் வரும். அந்த சிக்மா லென்ஸின் துளையும் எஃப் 6.3 என்று இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது).

இன்னொன்றையும் விற்பவர் சொல்ல மாட்டார். சில நேரம் ஒரு லென்ஸும் ஒரு கேமராவும் சேரும்போது ஃபோகஸ் சற்று முன்னாலோ பின்னாலோ விழும். விலை கூடிய கேமராக்களில் அதைத் திருத்தும் வசதி மெனுவிலேயே உண்டு, 1500டியில் இல்லை. அந்த சிக்மா லென்ஸைத் திருத்த அதற்கென்று விற்கும் யூஎஸ்பி டாக் வாங்கிக் கணினியில் மாட்ட வேண்டும். கூடவே எடை: லென்ஸ் மட்டும் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சோலைப் பாதையில் கழுத்தில் தொங்கவிட்டு அரை நாள் நடந்தால் மதியம் கை நடுங்கும், படமும் நடுங்கும்.

இனிப் பயணம். மூன்று முறை போக முடியும் என்றால் மூன்று ஊருக்குப் பிரிக்க வேண்டாம். ஒரே சோலைக்கு மூன்று முறை போங்கள். உதகை கெய்ர்ன் ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை இரண்டிலும் இந்தப் பறவை உண்டு. இரண்டும் வனத்துறைப் பொறுப்பில் இருப்பவை. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் நன்றாக இறங்கும். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவதும் அப்போதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் அட்டையும். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும் (2024 மே 7 முதல் இந்த நடைமுறை). அரசுப் பேருந்தில் வந்தால் அந்த வேலையும் இல்லை.

காலை ஏழு மணிக்குள் அவசரப்பட்டுச் சோலைக்குள் நுழைவதில் படமும் கிடைக்காது, ஆபத்தும் உண்டு. கோத்தகிரி பக்கம் காட்டெருமையும் கரடியும் அந்நேரம் பாதையிலேயே நிற்கும். எட்டரை முதல் பத்தரை வரை போதும்; இலைக்கூரை வழியே கொஞ்சம் வெளிச்சம் இறங்குவதும் அப்போதுதான். ஊசி குத்துவது போன்ற மெல்லிய குரல் கேட்கும் இடத்தில், பாதையோரமாகவே தரையில் உட்காருங்கள். முழங்கையை முழங்கால் மேல் ஊன்றுங்கள். இருபது நிமிடம் எழாதீர்கள். பறவை இரண்டு மூன்று குச்சிகளுக்கு மாறிமாறி வருவது அதற்குள் பிடிபடும். அதில் பின்னணி தூரமாகவும் இருட்டாகவும் இருக்கும் குச்சியைப் பார்த்து ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

கேமரா எம் முறையில் (எல்லா அளவையும் நாமே வைப்பது), மேலே சொன்ன அளவுகளில். ஃபோகஸுக்கு நடுப்புள்ளி மட்டும். 1500டியின் ஒன்பது புள்ளிகளில் இருட்டில் நம்பத்தக்கது அது ஒன்றுதான். ஆட்டோ முறையில் விட்டுவிட்டால் ஃபிளாஷ் தானாக எழுந்து, ஃபோகஸ் தேடும்போதே பளிச் பளிச்சென்று அடிக்கும். பறவை அன்று திரும்பி வராது. ஒவ்வொரு முறையும் நான்கைந்து படம் தொடராக எடுங்கள். பொத்தானை அழுத்தும் அதிர்ச்சி முதல் படத்தில் இருக்கும். இரண்டாவது, மூன்றாவதுதான் பெரும்பாலும் கூர்மை. ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலக்கோப்பு) எடுங்கள்.

சோலையை விட்டுப் புல்வெளிக்கு வந்தால் கணக்கு மாறும். 17 செ.மீ. நீளமுள்ள நீலகிரி நெட்டைக்காலி 25 மீட்டரில் புல்மேட்டில் நின்றால் உங்கள் லென்ஸில் சுமார் 450 புள்ளிதான் வரும். நான்காவது பயணம் அமைந்தால் அதை இதற்கென்று வைத்துக்கொண்டு, கோவையிலோ சென்னையிலோ 150-600 லென்ஸை வாடகைக்கு எடுங்கள். வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கவாட்டுக் கீறல் எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து வையுங்கள். உங்கள் கேமராவிலேயே மாட்டி 600 மி.மீ.யில் எதிர்ச்சுவரில் உள்ள எழுத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வாடகை நாள் கடையை விட்டு வெளியேறும்போது தொடங்குகிறதா, கூரியர் கையில் கிடைக்கும்போதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்த வாடகை நாட்களில் எடை தாங்குமா என்றும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நிக்கான் டி5600, 18-55 லென்ஸ் வைத்திருக்கிறேன். தோழிகள் ராஜஸ்தானில் உள்ள பரத்பூருக்குக் கூப்பிடுகிறார்கள். போகவா, இல்லை அந்தப் பணத்தில் லென்ஸ் வாங்கவா?
– கோத்தகிரி வாசகி

பதில்: உங்களுக்கு லென்ஸ்தான். ஈரோட்டுக்காரர் பேருந்து ஏறி வந்து பார்க்க வேண்டிய பறவை உங்கள் வாசலில் இருக்கிறது. பரத்பூர் நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன இடம்தான். ஆனால் 18-55 லென்ஸோடு போனால் ஏரியும் மரமும்தான் படத்தில் வரும்.

டி5600 உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால் நிக்கான் லென்ஸ்களில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று பெயரில் இருப்பவை மட்டுமே தானாக ஃபோகஸ் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வெறும் ஏஎஃப் என்று போட்ட பழைய 70-300 வாங்கினால் கையால்தான் திருக வேண்டும்.

பார்க்க வேண்டியது ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300. இதில் இரண்டு வகை. வெளித்தோற்றம் ஒன்றேபோல இருக்கும். பெயரில் விஆர் என்ற எழுத்து இருப்பதுதான் ஆட்டத்தைக் குறைக்கும் வகை. அதையே கேட்டு வாங்குங்கள். லென்ஸில் அதற்கு சுவிட்ச் இருக்காது, கேமரா மெனுவில்தான் இயக்க வேண்டும். கிடைத்த லென்ஸ் கெட்டுப்போனது என்று நினைத்துவிட வேண்டாம். எடை 415 கிராம்; கொழுந்து பறிக்கும் சரிவில் ஏறி இறங்கவும் சுமையாக இருக்காது.

கவாத்து செய்த தேயிலைச் செடியின் உச்சியில் புதர்ச்சிட்டு வந்து உட்காரும். நீங்கள் ஒரு வரிசை கீழே நின்றால் அது உங்கள் கண் உயரத்துக்கு வரும். பின்னால் பள்ளத்தாக்கு வெறும் பச்சையாகக் கரைந்துவிடும். இப்படி ஓர் இடம் அமைய வெளியூர்க்காரர் எவ்வளவு அலைய வேண்டும்! செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் வருடம் முழுதும் உண்டு. சோலை ஓரத்தில் நீலகிரி ஈப்பிடிப்பானும் வரும். ஒரு வருடம் இதில் கை பழகட்டும். பரத்பூர் அடுத்த குளிர்காலத்திலும் அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: உதகைக்கு இரண்டு முறை போய்விட்டேன். கொடைக்கானலிலும் அதே பறவைகள்தானே? தனியாகப் போக வேண்டுமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: எல்லாம் அதே அல்ல. நடுவில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. உயர்ந்த சோலையை விட்டு இறங்காத சில பறவைகளுக்கு அந்தச் சூடான தாழ்நிலம் கடக்க முடியாத கடல் மாதிரி. இரு பக்கமும் பிரிந்து, காலப்போக்கில் வேறு வேறு இனமாகவே ஆகிவிட்டன.

உதகையில் பார்த்தது நீலகிரி சிரிப்பான்: தாடை கருப்பு, வயிறு முழுக்கச் செம்பழுப்பு. கொடைக்கானலில் இருப்பது பழனி சிரிப்பான். அதன் மார்பு சாம்பல் நிறத்தில் கோடு கோடாக இருக்கும். சோலைக்கிளியும் (பெயர்தான் கிளி; தரையில் இரை தேடும் சிறு பறவை இது) அப்படித்தான். வடக்கே உள்ளதற்கு விலாப்புறம் செம்பழுப்பு. தெற்கே உள்ளதற்கு விலா நீலச்சாம்பல், வயிறு வெள்ளை. சிரிப்பான், சோலைக்கிளி என்ற இந்த இரண்டு கூட்டத்துக்கும் 2017இல் புதுப் பேரினங்களையே வகுத்தார்கள். அதில் ஒன்றான ‘ஷோலிகோலா’ நம் சோலையின் பெயரைத் தாங்கியது.

கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் நீலகிரி ஈப்பிடிப்பானும் இரு மலையிலும் உண்டு. அவற்றுக்காக மட்டும் கொடைக்கானல் ஏற வேண்டாம். சிரிப்பானுக்கும் சோலைக்கிளிக்கும் கட்டாயம் போங்கள். திண்டுக்கல்லிலிருந்து விடிகாலைப் பேருந்து பிடித்தால் விடியும் நேரம் தவறிவிடும், ஒரு இரவு தங்குவதே சரி. பம்பாய் சோலை ஓரப் பாதையில் சோலைக்கிளி விடிந்தவுடனும் பொழுது சாயும்போதும் தரையில் இரை தேட வெளியே வரும். அந்த நேரம் வெளிச்சம் இன்னும் மோசம், எஃப் 5.6, 1/60, ஐஎஸ்ஓ 6400 என்ற அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். கையில் பிடிக்காமல் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) அல்லது ஒரு பையின் மேல் வைத்து எடுங்கள். காட்டெருமை ஊருக்குள்ளேயே நடமாடும் இடம் அது. பார்வையைக் கேமராவிலேயே வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: செல்போனில் பறவையின் குரலைப் போட்டால் பக்கத்தில் வந்துவிடுகிறது. லென்ஸ் செலவே மிச்சம் அல்லவா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம், தயவுசெய்து செய்யாதீர்கள். அது உங்களைப் பார்க்க வரவில்லை. தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் நுழைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறது. இரை தேடுவதும் கூட்டைக் காப்பதும் அந்நேரம் நின்றுபோகும். மார்ச் முதல் மே வரை இவற்றில் பல குஞ்சு பொரிக்கும் காலம். எல்லாரும் போகும் ஒரு சோலைப் பாதையில் ஒரே காலையில் பத்துப் பேர் இதைச் செய்தால் அந்த ஜோடி அங்கே எப்படி இருக்கும்? சிரிப்பானுக்கு பிஸ்கட், முறுக்கு போட்டு வரவழைப்பதும் இதே கணக்குதான். கூட்டைக் கண்டால் ஒரு படமும் எடுக்காமல் பின்வாங்குங்கள். நீங்கள் விலக்கிய இலை வழியாகத்தான் காக்கை உள்ளே பார்க்கும்.

கேள்வி: குன்னூரில் வீடு. லென்ஸுக்குள் நூல் மாதிரிப் பூஞ்சை படிகிறது. என்ன வழி?
– குன்னூர் வாசகர்

பதில்: படிந்துவிட்டதைத் துணியால் துடைக்க முடியாது, லென்ஸைப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதிக நாள் விட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

மற்றவற்றைக் காக்க, ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பத மானி. 20 லிட்டர் பெட்டிக்கு 200 முதல் 250 கிராம் ஜெல்லில் தொடங்குங்கள். மானி 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை 110 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, ஆறியபின் திரும்பப் போடலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு உண்டு. சமையல் பாத்திரத்தில் சூடாக்காதீர்கள், ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள். கேமராப் பையிலும் தோல் உறையிலும் வைத்துப் பீரோவில் பூட்டுவதுதான் நம் ஊரில் அதிக லென்ஸைக் கெடுக்கிறது.

மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் கவனம் வேண்டும். மலைக்குளிரில் இருந்த லென்ஸ் கீழே சூடான ஈரக்காற்றில் பட்டால் உள்ளேயும் வெளியேயும் வேர்க்கும். வீட்டிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். கீழே போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், ஈரம் பையின் வெளிப்புறத்தில்தான் படிந்திருக்கும்.