கோவளத்தில் ஆமையோடு நீந்த முடியுமா?

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறோம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளம் போய், ஸ்நார்கெல் (மூச்சுக் குழாய்) போட்டு ஆமை பார்க்க ஆசை. மகனுக்கு 11 வயது, நன்றாக நீந்துவான், நான் சுமார்தான். ஆமை கண்டிப்பாகத் தெரியுமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: ‘கண்டிப்பாக’ என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கோவளத்துப் பாறை ஓரங்களில் மீன்களை நம்பிப் போகலாம்; ஆமை வந்தால் அன்றைக்கு உங்கள் யோகம். ஆமைக்காகவே போவதென்றால் லட்சத்தீவுதான். அங்கே ஆழமில்லாத கடலில் பேராமைகள் கடற்புல் மேயும். ஆனால் அனுமதிச் சீட்டு, கொச்சியிலிருந்து கப்பல் அல்லது விமானம் என்று அது பெரிய பயணம். ஒரு நாளில் முடியாது.

பிப்ரவரி நல்ல மாதம். காலையிலேயே இறங்கிவிடுங்கள்; வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், தண்ணீர் கலங்கும். விழிஞ்சம் பக்கம் முங்கிச் சிப்பி எடுப்பவர்கள் கரையில் இருந்தால், கடல் தெளிவாக இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களே இறங்காத நாளில் நீங்களும் இறங்க வேண்டாம். பயணம் ஏப்ரல், மே என்று தள்ளிப்போனால் கள்ளக்கடல் பயம் உண்டு. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் அலை திடீரென்று ஏறும். 2024 மே மாதம் நம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இப்படித்தான். கிளம்பும் முன், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் (INCOIS) எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

வாடகை மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தும் விழாமல் நின்றால் அளவு சரி. உங்களுக்கு மீசை இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். மீசையை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது; மூக்கை ஒட்டி ஒரு நூல் அகலம் மழித்தால் போதும். பையனுக்குச் சிறுவர் அளவுக் குழாய்தான் வேண்டும். பெரியவர்கள் குழாயில் அவன் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பான். லைஃப் ஜாக்கெட்? இருவருக்கும், பேச்சே இல்லை.

ஆமை பாசி பிடித்த கல் மாதிரி அசையாமல் கிடக்கும். கல்லுக்குக் கண் இருந்தால் அது ஆமை! அதற்குச் செவுள் கிடையாது, மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். வீடியோ எடுக்கிறேன் என்று நேர் மேலே மிதப்பவர்கள் அந்த வழியைத்தான் அடைக்கிறார்கள். மூச்சு வாங்காமலே அது திரும்பக் கீழே போவதைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில், மூன்று நான்கு மீட்டர் தள்ளி மிதந்திருங்கள். அது நகர்ந்தால் துரத்த வேண்டாம். தொடவே கூடாது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இருக்கும் உயிர்.

பையனிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆமையைக் கண்டதும் “அப்பா!” என்று கத்தினால் குழாய் வாயை விட்டுப் போய்விடும். கையை நீட்டிக் காட்டினால் போதும்.