கேக் ஆர்டரை மறுத்தால் வழக்கு வருமா?

கேள்வி: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். இரண்டு பையன்கள் தாங்கள் சேர்ந்து வாழத் தொடங்கிய நாளைக் கொண்டாட, இருவர் பெயரும் ஓர் இதயமும் போட்ட கேக் கேட்டு, பேநவ்வில் முன்பணமும் அனுப்பிவிட்டார்கள். என் கணவர் வேண்டாம் என்கிறார். மகளோ, “மறுத்தால் கேஸ் போடுவாங்க, லண்டன்ல அப்படித்தான்” என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகி, யீஷூன்

பதில்: உங்கள் மகள் சொல்வது பெல்ஃபாஸ்ட் கேக் கடை வழக்காகத்தான் இருக்கும். ஆனால் 2018இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது கடைக்காரர்கள்! வழக்குப் போட்ட வாடிக்கையாளர் கேக்கின் மேல் ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தை எழுதச் சொன்னார், கடை மறுத்தது. யார் வந்து கேட்டிருந்தாலும் கடை அதை எழுதியிருக்காது, ஆளைப் பார்த்து மறுக்கவில்லை என்றது நீதிமன்றம். அதற்கு முன் 2013இல், கார்ன்வாலில் ஆண் ஜோடிக்கு இரட்டைக் கட்டில் அறை தர மறுத்த விடுதிக்காரர்கள் அதே நீதிமன்றத்தில் தோற்றார்கள், அங்கே மறுத்தது ஆளைப் பார்த்து. உங்களிடம் கேட்டது வெறும் பெயரும் இதயமும், எந்த ஜோடி கேட்டாலும் போட்டுத் தருவீர்கள் இல்லையா, அதனால் அங்கே இருந்திருந்தால் நீங்கள் தோற்கவே வாய்ப்பு அதிகம்.

இங்கே சிங்கப்பூரில் அப்படியொரு சட்டமே இல்லை. ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 2023 ஜனவரியில் போனது உண்மைதான், ஆனால் அதோடு ஒரு குற்றம் நீங்கியதே தவிர புதிதாக எந்தப் பாதுகாப்பும் வரவில்லை. அரசியலமைப்பின் 12வது பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்று பட்டியல் போடுகிறது. பாலின ஈர்ப்பு அதில் அடங்காது என்று 2014இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, அப்போ கணவர் சொல்வதைக் கேட்டுவிடலாமா என்றால், முன்பணம் வாங்கியிருக்கிறீர்களே! ஆர்டரை ஒப்புக்கொண்டு காசும் வாங்கியபின் கைவிரித்தால் அது ஒப்பந்தப் பிரச்சினை, அதற்குச் சிறு கோரிக்கை மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறது. மறுப்பதென்றால் காசை முழுசாக இன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள், ‘இந்த ஆர்டர் செய்ய முடியவில்லை’ என்று ஒரு வரி போதும், புத்திமதி வேண்டாம். அவர்கள் அனுப்பிய மெசேஜைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேலி செய்வது மட்டும் கூடவே கூடாது, துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வேறு இருக்கிறது.

நானாக இருந்தால் கேக்கைச் செய்து கொடுத்துவிடுவேன். வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘இந்தியர்கள் வேண்டாம்’ என்று பார்த்து வயிறெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர். அந்த வீட்டுக்காரரும் ‘என் வீடு, என் இஷ்டம்’ என்றுதான் சொல்கிறார்.

கேள்வி: கேக் இருக்கட்டும், ஓரினச் சேர்க்கையாளர் என்று தெரிந்து ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால்?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தின் பட்டியலில் வயது, இனம், கர்ப்பம், உடற்குறை எல்லாம் உண்டு, பாலின ஈர்ப்பு இல்லை. எனக்கு அது குறையாகத்தான் படுகிறது. ஆனாலும் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் எல்லா வகைப் பாகுபாட்டுக்கும் பொருந்தும் என்பதால், நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். வேலை நீக்கக் கடிதத்தையும் மேலாளர் அனுப்பிய மெசேஜ்களையும் அழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.