அழுத்திய மண்கல் வெடித்தால் முதலில் மணலைக் கூட்டுங்கள்

சீமெந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் மணலின் அளவைக் கூட்டிப் பாருங்கள். ஹட்டனில் மண்ணோடு 5 சதவீதச் சீமெந்து கலந்து, சூளையில் சுடாமல் அச்சில் அழுத்திய கல் மூன்றாம் நாளே மயிர்க்கோடாக வெடிக்கிறது என்கிறீர்கள். மலைச் செம்மண்ணில் களி மிகுந்திருக்கும். அது காயும்போது சுருங்கிக் கல்லைப் பிளக்கும்.

சோதித்துப் பார்க்கலாம். உள்ளளவு 60 சென்ரிமீற்றர் நீளம், 4 அகலம், 4 ஆழமுள்ள பலகைப் பெட்டிக்கு எண்ணெய் பூசுங்கள். சீமெந்து கலக்காத ஈரமண்ணை மூலை விடாமல் அடைத்து, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். காய்ந்ததை ஒரு பக்கமாகத் தள்ளினால் மறுமுனையில் இடைவெளி தெரியும். அது 15 மில்லிமீற்றரைத் தாண்டினால், நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்து மீண்டும் செய்யுங்கள்.

இடைவெளி குறைவாக இருந்தும் வெடித்தால், காற்றில் கல் சீக்கிரம் உலர்கிறது. அழுத்திய உடனே பொலித்தீனால் மூடுங்கள். 28 நாள் ஈரம் வற்றவிடாதீர்கள்.

மேல்மண் வேண்டாம். கிளறும்போது இலை மக்கிய வாசம் வந்தால் சீமெந்து சரியாகப் பிடிக்காது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்: கல்லுக்கு மண் தேடி வீட்டுப் பின்சரிவை வெட்டாதீர்கள். மண்சரிவு அபாயப் பகுதியென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்ட பிறகே மண்வெட்டியைத் தொடுங்கள்.